குவான்யின் உமையம்மையாரோ?

ஒரு பொருளை எம்முடையதென்று உரிமை கூறுதற்கு முன்னர், அஃது எம்முடையதுதானோ என்று தன்னெஞ்சைத் தானே வினாவுதல் அறிவுடையார் இயல்பு. நிலம் பற்றிய வழக்காயின் இவ்வினாவை மன்றத்தார் வினாவுவர். பத்திரம் எங்கே, எல்லைக்கல் எங்கே என்று கேட்பர். சமயம் பற்றிய வழக்கிலோ அங்ஙனம் வினாவுவார் அரியர். கேட்டார்க்கு இனிதாயின் அதுவே சான்றாய் முடிகின்றது.

அத்தகைய வழக்கொன்றை நம்மவர் சிலர் இக்காலத்தே மேடைகளிலும் ஏடுகளிலும் தொடுத்து வருகின்றனர். சீன மக்கள் 'குவான்யின்' எனப் பெயரிட்டுப் போற்றும் அருட்டாய் பிறரல்லர், நம் உமையம்மையாரே என்பதும், தமிழ் வணிகர் கடல் கடந்து கொண்டுபோய் வைத்த திருவுருவத்தையே அந்நாட்டார் பெயர் மாற்றி வழிபடுகின்றனர் என்பதும் அவ்வழக்கின் சாரமாம். கேட்போர் கைகொட்டி மகிழ்கின்றனர். மகிழ்ச்சி மெய்ம்மைக்குச் சான்றாகாது. இக்கூற்று வரலாற்றொடு முரணுவதென்பதும், ஒரு பெருநாட்டு மக்களின் அன்பைச் சிறுமைப்படுத்துவதென்பதும், நாம் போற்றும் சித்தாந்த நெறிக்கே இழுக்காவதென்பதும் ஈண்டு முறையே காட்டப்படும்.

அவர் கூறும் ஏதுக்கள்

மறுக்கப் புகுவார் மறுக்கப்படும் கூற்றை முதற்கண் நடுநிலை பிறழாது எடுத்தோதுதல் வேண்டும். அவர் கூறும் ஏதுக்கள் நான்கு.

ஒன்று: குவான்யின் என்னும் பெயரின் வடமொழி மூலம் 'அவலோகிதேசுவரர்' என்பது. அதன்கண் ஈசுவரன் என்னும் சொல் உளது. ஆகவே அத்தெய்வம் சைவத்தின் வழி வந்ததே.

இரண்டு: இந்திய நாட்டில் அவலோகிதர் ஆண்வடிவினர், சீனத்திலே பெண்வடிவினர். பெண்வடிவம் சத்தி வழிபாடு தழைத்த நம் நாட்டினின்றே சென்றிருத்தல் வேண்டும்.

மூன்று: சீனத்துப் புஜியான் மாகாணத்தில், சுவான்சௌ நகரை அடுத்த செதியான் என்னும் சிற்றூரிலே, நான்கு திருக்கரங்களையுடைய பெண்தெய்வத்தின் கற்சிற்பம் ஒன்றை ஊரார் குவான்யின் எனக்கொண்டு வழிபடுகின்றனர். அது நம் நாட்டு அம்மையின் உருவமாம். இதனினும் மிக்க சான்று யாது வேண்டும்?

நான்கு: எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று பயனளிப்பவன் அம்மையைப் பாகத்துடைய முதல்வனே என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. ஆதலாற் குவான்யினை உமையென்றல் சித்தாந்தத்திற்கு ஒத்ததே.

இந்நான்கும் நிலைபெறுமாவென்று ஆராய்வாம்.

பெயரைப் பற்றிய ஆராய்ச்சி

'குவான்-ஷி-யின்' என்பதே பெயரின் நிறைந்த வடிவம். குவான் என்பது நோக்குதல். ஷி என்பது உலகம். யின் என்பது ஒலி. உலகத்தாரின் ஓலத்தை நோக்கி அறிபவர் என்பது பொருள். இதன்கண் ஈசுவரன் எங்கே உளன்?

'சீனர் வடமொழியைப் பிழைபட மொழிபெயர்த்தனர். ஈசுவரன் என்பதை ஒலியென்று மயங்கினர்' என்பர் எதிர்வழக்காடுவோர். இங்ஙனம் கூறுதற்கு முற்காலத்தே ஒரு சார்பும் இருந்தது. 7-ஆம் நூற்றாண்டில் நம் நாடு போந்த யுவான் சுவாங், பழைய மொழிபெயர்ப்புக்கள் பிழையெனக் கூறி, 'குவான்-சீ-சாய்', அஃதாவது நோக்குந் தலைவர், என்று புதுப்பெயர் இட்டார். அவர் கண்ட ஏடுகளில் 'அவலோகித + ஈசுவர' என்னும் வடிவே இருந்தது. ஆயினும் மத்திய ஆசியாவிற் கிடைத்த தாமரைச் சூத்திரத்தின் பழைய ஏட்டுத் துணுக்குகளை ஆராய்ந்த மிரோனாவ் என்னும் அறிஞர், அவற்றிலே 'அவலோகிதசுவர' என்னும் வடிவம் இருத்தலை 1927-இல் எடுத்துக்காட்டினார். சுவரம் ஒலியாம். எனவே 286-இல் அச்சூத்திரத்தைச் சீனத்திற் பெயர்த்த தருமரட்சரும், 406-இற் பெயர்த்த குமாரசீவரும், ஒலியென்று கொண்டது மயக்கத்தாலன்று. தங்கையிலிருந்த மூலத்தின்படியே என்பது தெளிவாம்.

பெயரின்கண் ஈசுவரன் புகுந்தது பின்னரே. அங்ஙனம் புகுந்ததற்குச் சைவத்தின் செல்வாக்கு ஓரளவு காரணமாயிருக்கலாமென்று கருதும் அறிஞர் உளர். அதுபற்றி நாம் மகிழ்வதாயின் மகிழ்க. ஆயினும் சீனப் பொதுமக்கள் யுவான் சுவாங் இட்ட புதுப்பெயரை நூலிலே விட்டுவிட்டுப் பழைய பெயரையே நாவிற் கொண்டனர். அவர் அழைப்பது தம் ஓலத்தைக் கேட்கும் ஒருவரை. ஈசுவரன் என்னும் சொல்லை அவர் அறியார். அறியாத சொல்லைக்கொண்டு அவர் வழிபாட்டின் உரிமையை அளத்தல் யாங்ஙனம் பொருந்தும்?

பெண்வடிவம் எங்கே பிறந்தது?

இனி இரண்டாவது ஏது. சீனத்திலும் முதற்கண் அவலோகிதர் ஆண்வடிவினரே. துன்ஹுவாங் குகைகளிற் கிடைத்த 9, 10-ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் அவர் மெல்லிய மீசையொடு காணப்படுகின்றார். பெண்வடிவம் அதன்பின் சிறிது சிறிதாகப் பரவியது. வெள்ளாடை புனைந்து பெண்மைச் சாயலோடு அமர்ந்த குவான்யின் 10-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிச் சொங் மரபினர் காலத்தே பெருகினர். இம்மாற்றத்திற்குத் திபேத்தியர் போற்றும் தாரையே மூலமென்று மேனாட்டார் சிலர் முன்னர்க் கூறினர். தாரை வழிபாடு சீனப் பொதுமக்களிடைப் பரவாமையின் அக்கூற்று வலியிழந்தது. நம்மவர் தாரையின் இடத்திலே உமையை வைத்து அதே கூற்றைக் கூறுகின்றனர். இடத்திலிருப்பாரை மாற்றினமையாற் கூற்று வலிபெறாது.

பெண்வடிவத்தின் பிறப்பிடத்தைக் காட்டும் பத்திரம் சீனத்திலேயே உளது. அது கல்லிற் பொறிக்கப்பட்டது. ஹெனான் மாகாணத்துச் சியாங்ஷான், அஃதாவது நறுமணமலை, என்னுமிடத்துத் திருமடத்திலே 1100-ஆம் ஆண்டு ஒரு கல்வெட்டு நாட்டப்பெற்றது. அதன் வாசகத்தை இயற்றியவர் அப்பகுதியின் ஆட்சித்தலைவரான ஜியாங் சீச்சி என்பார். எழுத்தை வரைந்தவர் சாய் ஜிங் என்னும் பேரமைச்சர். அது கூறும் வரலாறு வருமாறு:

ஓர் அரசற்கு மகளிர் மூவர். இளையவள் மியாவ்ஷான். மணஞ்செய்துகொள்க என்று தந்தை வற்புறுத்த அவள் மறுத்தாள். துறவு மகளிர் வாழும் மடத்திற்கு அவளைப் போக்கி, விறகு சுமத்தலும் நீர் முகத்தலுமாகிய கடுந்தொழிலை இடுவித்தான் அரசன். அவள் தளர்ந்திலள். சினங்கொண்ட தந்தை மடத்தை எரித்தான். மகளைக் கொல்லவும் ஏவினான். தெய்வத்தால் உய்ந்த அவள் நறுமணமலையிலே தவமியற்றினாள். ஆண்டுகள் சில கழிந்தபின் அரசனைக் காமாலை பற்றியது. எம்மருந்தும் பயன்படவில்லை. சினமென்பதையே அறியாத ஒருவரின் கண்களும் கைகளும் கிடைப்பின் நோய் தீருமென்று ஒரு துறவி கூறினார். அத்தகையார் நறுமணமலையில் உளர் என்பதும் அவரே கூறினார். தூதர் சென்று இரப்ப, இரக்கப்பட்டவள் தன் கண்களைப் பெயர்த்தும் கைகளை அரிந்தும் கொடுத்தாள். நோய் நீங்கிய அரசன் நன்றி கூறுதற்கு மலையேறி வந்தான். கண்ணும் கையும் இழந்திருந்தவளைக் கண்ட அரசி, தன் மகளென்று அறிந்து அலறினாள். அரசன் தன் கொடுமைக்கு வருந்தி அழ, மகள் ஆயிரங் கண்ணும் ஆயிரங் கையும் உடைய குவான்யினாகக் காட்சியளித்தாள்.

இவ்வரலாற்றைத் தனிநூலாக ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டவர் கிளென் டட்பிரிட்ஜ் என்னும் ஆங்கில அறிஞர். குவான்யின் வழிபாடு முழுமையையும் ஆராய்ந்து 2001-இல் பெருநூல் வெளியிட்டவர் சுன்-பாங் யூ என்னும் சீனப் பேராசிரியை. பெண்வடிவத்தின் வேர் சீன மண்ணிலேயே உளதென்பது இவ்வாராய்ச்சிகளாற் பெறப்படும்.

யாம் அவர் பெயரைக்கொண்டு வாயடைக்க விழைந்திலேம். கதையையே நோக்குக. அதன் நடுநாடியாய் நிற்பது யாது? தந்தைசொல் தட்டுதலும் தந்தைக்குத் தொண்டாற்றுதலும் ஆகிய இரண்டின் போராட்டம். பெற்றோர்க்கு அடங்குதலே தலையாய அறமென்று கொண்ட சீனர்க்கு, மணமறுத்து மனைதுறக்கும் புத்தநெறி முதன்முதற் பெரும் பழியாகவே தோன்றிற்று. துறவு பெற்றோரைக் கைவிடுதலென்று அந்நாட்டுச் சான்றோர் நூற்றாண்டுக் கணக்கில் வைதனர். மியாவ்ஷான் கதை அவ்வசைக்கு விடை. மணமறுத்த மகளே தந்தைக்குக் கண்ணுங் கையும் ஈந்தாள். அடங்கிய மகளிர் இருவரும் அது செய்திலர். நோயுற்ற பெற்றோர்க்கு மகனும் மருமகளும் தம் தொடைத்தசையை அரிந்து மருந்திற் கலந்து ஊட்டிய செய்திகள் அந்நாட்டு ஊர்வரலாறுகளிற் பலவாகப் பதியப்பட்டுள்ளன. கதையின் தசையும் குருதியும் அம்மண்ணினவே. இதனை உமையம்மையாரின் திருக்கதையொடு ஒப்பிடற்கு ஒரு முடியேனும் உண்டோ? தக்கன் வேள்வியிலும் தந்தையும் மகளும் மாறுபட்டனரன்றோவெனின், ஆண்டு மகள் தந்தையை நீத்தது தன் கணவனாகிய பெருமானை இகழ்ந்தமை பொறாது. ஈண்டு மகள் தந்தையை மறுத்தது கணவனே வேண்டாவென்று. ஒன்றற்கொன்று முற்றும் மறுதலை.

மற்றொரு சீனக் கதையையும் கேண்மின். தாங் மரபினர் காலத்தே ஓர் ஊரில் மீன்கூடை ஏந்தி வந்தாள் ஓர் அழகி. இளைஞர் பலர் அவளை மணக்க விழைந்தனர். தாமரைச் சூத்திரத்தின் ஓரியலை ஓரிரவிலே மனப்பாடஞ் செய்வாரை மணப்பேன் என்றாள். செய்தார் பலராகவே மேலும் அரிய நூலை விதித்தாள். இறுதியில் முழுச்சூத்திரத்தையும் ஓதி வென்றவன் மா என்னும் குடியிற் பிறந்தான் ஒருவனே. மணநாளிலேயே அவள் இறந்தாள். பின்னர்த் துறவியொருவர் புதைகுழியைத் திறந்து காட்ட, எலும்புகள் பொற்சங்கிலியாய்க் கோத்திருந்தன. மீன்கூடைக் குவான்யின் என்று ஓவியர் வரையும் உருவம் இவளதே. மீன்விற்கும் பெண்ணாய் வந்து ஊரார்க்கு நூலோதக் கற்பித்த இவ்வருளாட்டையும் நாமே அனுப்பிவைத்தோமோ?

செதியான் சிற்பம்

மூன்றாவது ஏதுவே எதிர்வழக்காடுவோர் பெரிதும் நம்பியிருப்பது. அதன்கண் மெய்யும் உண்டு. அதனாலேயே அஃது ஆபத்தானது.

சுவான்சௌ ஒரு காலத்தே கீழைக்கடலின் தலைசிறந்த துறைமுகம். ஆண்டுத் தமிழர் வாழ்ந்தனர், சிவாலயமும் எடுத்தனர். 1281-ஆம் ஆண்டிற்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று ஆண்டுக் கிடைத்துள்ளது. குப்ளாய் கான் ஆட்சியிலே, சம்பந்தப்பெருமாள் என்பார், கானின் நன்மைக்காகத் திருக்கோயில் எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகின்றது. யுவான் மரபின் இறுதிக்காலக் கலகங்களுக்குப்பின் அக்கோயில் நிலைத்திலது. கற்கள் சிதறின. சில கையுவான் புத்தமடத்துத் தூண்களாய் நிற்கின்றன. சில நகரத்துக் கடல்வாணிகக் காட்சிசாலையில் உள. செதியான் சிற்பமும் அச்சூழலினின்று வந்ததே என்று கருதுதற்கு இடனுண்டு. நாற்கரம், இருமருங்கும் ஏவலர், அடிக்கீழ் வீழ்ந்த அசுரன் என்னும் அமைதிகள் அதனை நம் நாட்டுப் பெண்தெய்வ உருவமாகவே காட்டுகின்றன. இச்செய்தி 2013-இல் நம் நாட்டு நாளிதழ் வாயிலாகப் பலர்க்கும் தெரியலாயிற்று.

இதுவரை தடையில்லை. ஆனால் இதனின்று பெறப்படுவது யாது? செதியானூரார் ஒரு கல்லைக் குவான்யின் என்றனர். ஆகவே குவான்யின் அக்கல்லினின்று தோன்றினாள் என்பதோ முடிபு? ஆண்டுகளைக் கணக்கிடுக. நறுமணமலைக் கல்வெட்டு 1100. சுவான்சௌச் சிவாலயக் கல்வெட்டு 1281. நூற்றெண்பத்தோராண்டு பின்னே வந்தது முன்னே வந்ததற்குத் தாயாதல் எங்ஙனம்? சோழர் தூதுவர் 1015-இலேயே சீன அரசவை புகுந்தனரேயெனின், அவர் முத்தும் யானைத்தந்தமும் முதலாயின திறையாக ஈந்து பரிசில் பெற்று மீண்ட செய்தியே உளது; சீன மக்களுக்கு அம்மை வழிபாடு கற்பித்த செய்தி யாண்டும் இல்லை. அவர் புகுதற்கு முன்னரே வெள்ளாடைக் குவான்யினும் தோன்றிவிட்டாள்.

மெய்யாவது இது: குவான்யின் வழிபாடு ஆண்டு முன்னரே வேரூன்றி ஊர்தோறும் பரந்திருந்தது. கோயிலிழந்து, பூசையிழந்து, பெயருமிழந்து கிடந்த ஓர் அயல்நாட்டு அம்மையின் கல்லைக் கண்ட சிற்றூரார், அருள்வடிவென்று தாம் அறிந்த ஒரே பெயரை அதற்கிட்டு, நிழலமைத்து, நாடோறும் நறும்புகை ஏற்றினர். நாம் கைவிட்ட உருவத்தை அவர் காத்தனர். இதற்கு நாம் செலுத்தவேண்டிய கைம்மாறு நன்றி. நன்றிக்கு மாறாக, 'நீவிர் வழிபடுவதெல்லாம் எம்முடையதே' என்று உரிமை பாராட்டுதல், தம் ஆதரவற்ற குழந்தையை வளர்த்தார் வீட்டிற்கே சென்று, அவர் பெற்ற மக்களையும் எம்மக்களென்று கூவுதலை ஒக்கும்.

பிறரும் இவ்வாறே செய்தனர்

குவான்யினுக்கு உரிமை கூறியவர் நம்மவர் மட்டுமல்லர். புஜியானைச் சார்ந்த தெகுவா ஊரின் வெண்பீங்கானிற் செய்த குவான்யின் உருவங்கள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிற்குச் சென்றன. மடியிற் குழந்தை ஏந்திய உருவத்தைக் கண்ட மேனாட்டார் பலர் கன்னிமரியாளின் சாயலே இஃதென்றனர். யப்பானிலே கிறித்து மதம் 1614-இல் தடுக்கப்பட்டபின், மறைந்து வாழ்ந்த கிறித்தவர் இவ்வுருவங்களையே மரியாளாகக் கொண்டு தொழுததும் மெய்யே. தடை நீங்கிய 1873 வரை அவர்க்கு அவை துணையாயின. பிற்காலச் சிற்பிகள் மரியாளின் உருவத்தினின்று சிற்சில அமைதிகளைக் கொண்டிருத்தலுங் கூடும்.

ஆயினும் ஆண்மகவு வேண்டினார்க்கு ஆண்மகவும் பெண்மகவு வேண்டினார்க்குப் பெண்மகவும் அருளுவர் என்னும் உறுதிமொழி, 406-இல் குமாரசீவர் பெயர்த்த தாமரைச் சூத்திரத்தின் 25-ஆம் இயலிலேயே உளது. போர்ச்சுகீசியர் சீனக்கரையை முதன்முதல் கண்டது 16-ஆம் நூற்றாண்டில். கன்னிமரியாளே குவான்யின் என்பாரை நாம் இவ்வாண்டுக் கணக்கைக் காட்டி மறுப்போமல்லமோ? அவர்க்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதியோ?

நம் நெஞ்சுக்கு ஒரு வினா

இனி, இவ்வழக்கை மறுதலையாக்கி நோக்குவாம். காரண்டவியூகம் என்னும் புத்த சூத்திரம், மகேசுவரன் அவலோகிதரின் நெற்றியினின்று தோன்றினன் என்கின்றது. தாமரைச் சூத்திரம், உயிர்களை உய்விக்க அவர் கொள்ளும் வடிவங்களுள் ஈசுவரனையும் மகேசுவரனையும் எண்ணுகின்றது. நம் தமிழ்நாட்டிலேயே 11-ஆம் நூற்றாண்டிற் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம், அகத்தியனார் தமிழ் கேட்டது அவலோகிதரிடத்தே என்று பாயிரத்திற் கூறுகின்றது. இவற்றைக் கேட்குஞ் சைவர்க்கு நெஞ்சம் எவ்வாறிருக்கும்? எம்பெருமானை எம்மிடமிருந்து பறித்துத் தம் தெய்வத்தின் ஏவலனாக்கினர் என்று கொதியாரோ? கொதித்தல் தக்கதே.

அங்ஙனமாயின், தன்னைப் பிறர் செய்யின் பொறாத ஒன்றைத் தான் பிறர்க்குச் செய்தல் எவ்வறம்? காரண்டவியூகத்தார் செய்தது பிழையெனின் நாம் செய்வதும் பிழை. நாம் செய்வது சரியெனின் அவர் செய்ததும் சரியென்று ஒப்புக. இரண்டிலொன்றைத் துணிதல் வேண்டும். இரண்டையும் கைக்கொள்ள நியாயநூல் இடந்தாராது.

சித்தாந்தத்திற்கு ஒத்ததோ?

நான்காவது ஏது சாத்திரத்தைச் சான்றாக்குதலின் அதனை மதிப்பொடு ஆராய்தல் வேண்டும். எத்தெய்வ வழிபாட்டிற்கும் பயனளிப்பவன் முதல்வன் ஒருவனே என்பது நம் சாத்திரத் துணிபே. அதனை யாமும் தலைமேற் கொள்வோம். ஆனால் அத்துணிபு கூறுவது யாது? வழிபடுவானது அன்பு வீண்போகாது, அதனை ஏற்றுப் பயன்றருவான் ஒருவன் உளன் என்பது. அஃது அருளைப் பற்றிய துணிபு. எந்நாட்டுத் திருவுருவம் எந்நாட்டினின்று சென்றது என்பதோ வரலாறு பற்றிய வினா. அதற்குக் கல்லும் ஏடுமே விடை கூறும். அன்றியும், அச்சாத்திரமே அத்தெய்வங்களைப் பிறப்பிறப்புக்கும் வேதனைக்கும் வினைக்கும் உட்பட்டனவென்று முதல்வனினின்று வேறுபிரித்து உணர்த்துகின்றது. முதல்வனும் அத்தெய்வமும் ஒன்றென்பது அதன் கருத்தாயின் இவ்வேறுபாடு கூறுதல் எற்றுக்கு? மேற்கோள் காட்டுவோர் முற்பகுதியைக் காட்டிப் பிற்பகுதியை விடுகின்றனர்.

பொருளிலும் வேற்றுமை பெரிது. உமையம்மையார் நம் கொள்கையிற் சிவத்தொடு பிரிவற நிற்கும் சத்தி. ஞாயிறும் ஒளியும் போல்வர். அவ்வருள் ஒரு காலத்தே முயன்று பெறப்பட்டதன்று; மலமென்பதையே என்றும் அறியாதது. குவான்யினோ போதிசத்துவர், நம்போற் கட்டுண்டு கிடந்த ஓருயிர், பல பிறவியில் முயன்று, உயிர்களெல்லாம் உய்யுமளவும் உழைப்பேனென்று உறுதிபூண்டு உயர்ந்த நிலை. மியாவ்ஷான் பிறந்தாள், வருந்தினாள், வென்றாள். சீனப் பெண்டிர் அவளை நோக்கி அழுவது, தாம் பட்டதை அவளும் பட்டாள் என்பதனால். அவளை என்றும் வருத்தமறியாத பராசத்தியாக்குவீராயின், அவ்வழுகைக்கு இடனில்லை. உமையை ஒருகாற் கட்டுண்டு பின் உயர்ந்த உயிராக்குவீராயின், சித்தாந்தத்திற்கு இடனில்லை. ஒன்றென்பார் இருவரையும் இழப்பர்.

ஓர் ஒப்புமை நம்மவர் நெஞ்சில் உடனே எழும். கண்ணைப் பெயர்த்து ஈந்தாரென்று கேட்டவளவிலே கண்ணப்பநாயனாரை நினையாத சைவர் இலர். நினைக, நினைந்து வேற்றுமையையும் உணர்க. நாயனார் கண்ணை அப்பியது பெருமானின் கண்ணில் குருதி கண்டு பொறாத அன்பினால். அவ்வன்பு கீழினின்று மேலோங்கிச் சென்றது. மியாவ்ஷான் கண்ணை ஈந்தது தன்னைக் கொல்ல ஏவிய கொடியோனுக்கு. அஃது இரக்கம், மேலினின்று தாழ்ந்திறங்கியது. முன்னையது அடியார்தம் பத்தியின் எல்லை. பின்னையது பகைவர்க்கும் இரங்குங் கருணையின் எல்லை. இரண்டனையும் அருகருகே வைத்துப் போற்றலாம். ஒன்றை மற்றொன்றின் நகலென்பான் இரண்டனையும் கற்றிலன்.

யாருடைய உடைமை?

இந்திய நாட்டிற்குரிய பங்கை யாம் மறைத்திலேம். மூலப்பெயர் இந்நாட்டது. ஓலங்கேட்டு உதவும் உறுதிமொழி இந்நாட்டுச் சூத்திரத்தது. அவர் உறையும் பொதலகமலை தென்னாட்டு மலயமலையை அடுத்துள்ளதென்று யுவான் சுவாங் எழுதினார். அது பொதியிலே என்று கருதும் அறிஞரும் உளர். ஆயினும் சீனர் அம்மலையைத் தம் கடலிலேயே கண்டனர். செஜியாங் கரையை அடுத்த தீவொன்றிற்குப் பூத்துவோ என்று அப்பெயரையிட்டு, இரண்டாம், ஆறாம், ஒன்பதாம் மதிகளின் பத்தொன்பதாம் நாளில் திரள்திரளாகச் சென்று வழிபடுகின்றனர். 1997-இல் ஆண்டு 33 மீட்டர் உயரத் திருவுருவமும் எடுத்தனர். திபேத்தியர் லாசாவில் 1645-இல் எடுக்கத் தொடங்கிய அரண்மனைக்குப் பொதலம் என்றே பெயர். பெயர் நம் மலையினதாகலாம். ஏறிய கால்கள் அவர்தம் கால்கள்.

அக்கால்களின் உழைப்பை அறிய விழைவார் ஒன்றை எண்ணுக. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் குவாங்துங் மாகாணத்துச் சுந்தே முதலிய இடங்களில், பட்டுநூல் இழைத்துத் தங்கையாற் பொருளீட்டிய மகளிர் பலர், மணவாழ்வு வேண்டாவென்று குவான்யின் திருமுன் உறுதிகூறித் தம் கூந்தலைத் தாமே முடித்துக்கொண்டனர். பட்டுத்தொழில் நலிந்தபோது சிங்கப்பூரும் மலாயாவும் புக்கு, பிறர் வீட்டுப் பணிமகளிராய் உழைத்து, ஊரிலுள்ளாரைக் காத்தனர். முதுமையிலே குவான்யினைத் தலைமையாக வைத்த மரக்கறி மடங்களில் ஒருவர்க்கொருவர் துணையாய் வாழ்ந்து முடிந்தனர். கணவனும் மகவுமின்றி இறப்பாரை நினைப்பாரில்லையென்று அஞ்சும் ஒரு சமுதாயத்திலே அவர்க்கு ஊன்றுகோலாயிருந்தவள் மணமறுத்த மியாவ்ஷான். பெருமானின் இடப்பாகத்து நீங்காது அமர்ந்த உமையம்மையார் என்று அவளைப் பெயர் மாற்றுவோர், அம்மகளிரின் ஊன்றுகோலைப் பறிக்கின்றனர் என்பதை உணர்கின்றனரோ?

சிங்கப்பூர் வாட்டர்லூத் தெருவிலே, 1870-இல் தோன்றிய கிருட்டிணன் கோயிலும் 1884-இல் தோன்றிய குவான்யின் கோயிலும் அணித்தணித்தே உள. குவான்யினை வழிபட்டு வரும் சீனர் கிருட்டிணன் கோயில் வாயிலிலும் நறும்புகைக் குச்சி ஏற்றி வணங்கிச் செல்கின்றனர். அவருள் எவரேனும், 'இவர் எம் தெய்வமே, தமிழர் பெயர் மாற்றினர்' என்று பலகை நாட்டினரோ? பிறர் தெய்வத்தைப் பிறர் பெயராலேயே வணங்கும் பெருந்தகைமை அவரிடத்துக் காணப்படுகின்றது. எதிர்வழக்காடுவோர் அத்தெருவிற்குச் சென்று கற்றுவருக.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், குவான்யினின் பெயரில் ஈசுவரன் பின்னரே புகுந்தான் என்பதும், அவள் பெண்வடிவம் சீன மண்ணிற் சீனர்தம் இல்லறத் துயரினின்று பிறந்தது என்பதும், செதியான் சிற்பம் சீனர்தம் விருந்தோம்பலுக்குச் சான்றாவதன்றி நம் உரிமைக்குச் சான்றாகாது என்பதும், உமையென்று அவளைக் கூறுதல் சித்தாந்தத்தொடு முரணும் என்பதும் பெறப்பட்டன.

சைவத்தின் பெருமைக்குப் பிறர் வீட்டு விளக்கு வேண்டா. சுவான்சௌவில் சிதறிக்கிடக்கும் சிவாலயக் கற்களே மெய்யாக நம்முடையன. அவற்றைப் பற்றித் தமிழில் நிறைவான நூல் எத்துணை உள? உரிமை பாராட்டும் ஆர்வத்தில் ஒரு கூறேனும் அவ்வாராய்ச்சியிற் செலுத்துவோமாயின் நம் கடன் கழியும். குவான்யின் கோயிலைக் கண்டவிடத்து, ஓலங்கேட்டு இரங்கும் அருள் இம்மக்கள் நெஞ்சில் இவ்வுருவாய் விளங்கியது என்று உணர்ந்து, அவளை அவள் பெயராலேயே கூறி வணங்குக. அருளைப் போற்றுவார் பொய்யாற் போற்றலாகாது.